மறைத்தது தப்பில்லை, சொல்லாமல் மறைத்ததுதான் தப்பு

கேள்வி: அண்ணாச்சி, வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கத்தில் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து மூன்று வருடமாக ஒரு செய்தித் தளம் நடத்துகிறோம். முதலாளி கிடையாது, விளம்பரம் கிடையாது, சர்வர் வாடகையை ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கட்டுகிறோம். சுற்றுவட்டாரத்தில் யார் வேண்டுமானாலும் செய்தியோ படமோ அனுப்பலாம், அனுப்பினவுடன் வந்துவிடும், அதுதான் எங்களுக்குப் பெருமை. போன மாதம் ஒருவர், எங்கள் ஊர்க் குளத்தில் பஞ்சாயத்துத் தலைவர் ஆள்வைத்து ராத்திரியில் மண் அள்ளுகிறார் என்று இரண்டு படத்தோடு போட்டார். எங்களில் ஒருவன் தலைவருக்குச் சொந்தம். யாரையும் கேட்காமல் எடுத்துவிட்டான். மறுநாள் 'எவ்வளவுல வாங்குனீக' என்று டீக்கடையில் கேட்கிறார்கள். அதே வாரம், பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று ஒரு பொய்ச் செய்தி நாலு மணி நேரம் எங்கள் தளத்தில் கிடந்தது, அதை யாரும் எடுக்கவில்லை. இப்போது பாதிப் பேர், இனி நாம் மட்டும் எழுதுவோம், வெளியாட்களுக்கு மூடிவிடுவோம் என்கிறார்கள். மீதிப் பேர், எதையுமே எடுக்கக் கூடாது, எடுத்தால் நாமும் பெரிய பத்திரிகைகளும் ஒன்றுதான் என்கிறார்கள். யார் சொல்வது சரி?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை முதல் தடவை படித்தபோது குளத்து மண் விஷயம்தான் பெரிதாகத் தெரிந்தது. இரண்டாம் தடவை படிக்கும்போதுதான் அந்த நாலு மணி நேரம் கண்ணில் பட்டது. குளத்துச் செய்தியால் உங்களுக்கு மானம் போயிற்று. மற்றதால் யாருக்காவது உயிர் போயிருக்கும். நீங்கள் ஆறு பேரும் சண்டை போட்டுக்கொண்டிருப்பது முதலாவதைப் பற்றித்தான் என்பது கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது, இரண்டாவதற்கு ஒரு வரிதான் ஒதுக்கியிருக்கிறீர்கள்.

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் நடந்தது ஞாபகம் இருக்கும். குலதெய்வக் கோயிலுக்குப் போகக் காரில் வந்த ஒரு குடும்பம் வழியில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தது, அவ்வளவுதான். பிள்ளை பிடிக்கிற கூட்டம் சுற்றுகிறது என்று அதற்கு முன்பே கைபேசிகளில் ஓடிக்கொண்டிருந்த வதந்தி ஊர்களைச் சூடேற்றி வைத்திருந்தது. அடித்த அடியில் அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா செத்துப்போனார். அந்த வதந்தியை அனுப்பியவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் இல்லை, பேரப்பிள்ளையை நினைத்துப் பயந்துபோன தாத்தாக்கள்தான் பாதிப் பேர் இருந்திருப்பார்கள். அதனால்தான் அனுப்புகிற ஆள் நல்லவரா என்று பார்த்துச் செய்தியை எடைபோடக் கூடாது என்கிறேன். நல்ல மனுஷர் பயத்தில் அனுப்புகிற பொய்தான் வேகமாக ஓடும்.

இனி உங்கள் இரண்டு கட்சிக்கும் வருகிறேன். எதையும் எடுக்கக் கூடாது என்கிறவர்களுக்கு ஒரு பழைய கதை. 1999 நவம்பரில் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் உலக வர்த்தக அமைப்பின் மாநாட்டை எதிர்த்துப் பெரிய போராட்டம் நடந்தது. பெரிய சேனல்களை நம்பாதவர்கள் ஒன்றுகூடி அப்போது இன்டிமீடியா என்று ஒரு தளம் ஆரம்பித்தார்கள். யார் வேண்டுமானாலும் போடலாம், போட்டவுடன் வந்துவிடும். உங்கள் தளத்துக்குப் பூட்டன் முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். சில வருடத்தில் உலகம் முழுக்க நூற்றுக்கு மேற்பட்ட ஊர்களில் அதற்குக் கிளைகள் வந்தன, கூடவே இனவெறிக் குப்பையும், சாமான் விற்கிற விளம்பரமும், ஒரே ஆள் பல பெயரில் எழுதுவதும் வந்து குவிந்தது. கடைசியில் அந்தக் குழுக்களும் விதி எழுதி வைத்தார்கள், விதிக்கு வெளியே போனதை முகப்பிலிருந்து எடுத்தார்கள். முதலாளிகளையும் போலீசையும் எதிர்த்து நின்றவர்கள் அவர்கள். உங்கள் நண்பர்களைவிடப் பெரிய புரட்சிக்காரர்களுக்கே இது தேவைப்பட்டது.

மூடிவிடுவோம் என்கிறவர்களுக்குத் தென்கொரியா. 2000 பிப்ரவரியில் ஓ இயோன்-ஹோ என்பவர் 727 சாதாரண ஆட்களை வைத்துக்கொண்டு ஓமைநியூஸ் என்ற தளத்தை ஆரம்பித்தார், குடிமக்கள் எல்லாரும் நிருபர்தான் என்பது அவர் கொள்கை. எல்லாரும் எழுதலாம், ஆனால் செய்தி திருத்துகிற டெஸ்க்கில் உட்கார்ந்த ஆட்கள் பார்த்த பிறகுதான் வெளியே வரும். நம் நாட்டிலேயே சத்தீஸ்கரில் சுப்ரான்ஷு சௌத்ரி என்ற பத்திரிகையாளர் முன்னின்று 2010-ல் சிஜிநெட் ஸ்வரா என்று ஒன்று தொடங்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஆதிவாசி போனில் தன் ஊர்க் குறையைச் சொல்லிப் பதிவு செய்வார், உள்ளே இருக்கிறவர்கள் கேட்டு, விசாரித்து, சரி என்று பட்டால் வெளியிடுவார்கள். கதவை மூடியிருந்தால் அந்தக் குரல் காட்டைத் தாண்டியிருக்காது.

அனுப்புவது எல்லாருக்கும் திறந்திருக்கட்டும். வருவதெல்லாம் நேரே வெளியே போகாமல் நடுவில் ஒரு திண்ணை வேண்டும், அதைத்தான் நீங்கள் கட்டாமல் விட்டீர்கள். நம் வீட்டுக்கு யார் வந்தாலும் வா என்றுதான் சொல்கிறோம், அதற்காக முன்பின் தெரியாதவரை நேரே அடுப்பங்கரைக்கா கூட்டிக்கொண்டு போகிறோம்?

எல்லாவற்றையும் திண்ணையில் உட்காரவைத்தால் ஆறு பேரால் தாங்காது, அதுவும் எனக்குத் தெரியும். கரண்ட் போனது, பஸ் வரவில்லை, ரேஷன் கடை திறக்கவில்லை, தெருக்குழாயில் மூன்று நாளாகத் தண்ணீர் இல்லை, மாடு காணோம், இதெல்லாம் இப்போதுபோலவே நேரே போகட்டும். தப்பாக இருந்தால் பக்கத்து வீட்டுக்காரரே திருத்திவிடுவார். ஒரு ஆளைப் பெயர் சொல்லியோ அடையாளம் காட்டியோ குற்றம் சாட்டுவது, ஜனங்களைக் கம்பும் கையுமாகத் தெருவுக்கு இழுக்கக் கூடியது (பிள்ளை பிடிப்பு, அணை உடைப்பு, சிலையை அவமதித்தது, தெருச் சண்டை), அப்புறம் சிறுபிள்ளை, பாதிக்கப்பட்ட பெண், தற்கொலை, பிணம், ஆஸ்பத்திரிப் படுக்கை சம்பந்தப்பட்டது, இந்த மூன்றும் இரண்டு பேர் பார்த்து இரண்டு பேரும் சரி என்று சொல்லாமல் வெளியே வரக் கூடாது. இந்த வேலைக்குத் தமிழ் இணையத்தில் மட்டுறுத்தல் என்று ஒரு சொல் ரொம்ப நாளாகப் புழங்குகிறது. நல்ல சொல்தான். நான் வேலை பார்த்த பத்திரிகை டெஸ்க்கில் 'காப்பியைப் பார்த்தாச்சா', அதாவது வந்த செய்தியைப் படித்துப் பார்த்தாச்சா என்று மட்டும்தான் கேட்போம்.

பார்ப்பது என்றால் என்ன என்பதில் நானே வழுக்கி விழுந்திருக்கிறேன், அதைச் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த மழை. பாளையங்கோட்டையில் என் வீட்டில் கரண்ட் இல்லை, காரை ஸ்டார்ட் பண்ணி அதில் போனைச் சார்ஜ் போட்டுக்கொண்டு, தெரிந்த பையன்கள் நடத்திய ஒரு வாட்சப் குழுவுக்குச் செய்தி சரிபார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ராத்திரி ஒரு குரல்பதிவு வந்தது. பாபநாசம் அணை உடைந்துவிட்டது, சிந்துபூந்துறை வண்ணார்பேட்டை ஆட்களெல்லாம் ஓடுங்கள் என்று ஒருவர் அழுதுகொண்டே சொல்கிறார். அதை நிறுத்தினேன், அது சரி. அணை உடையவில்லை. ஆனால் அணைகளில் திறந்துவிட்ட தண்ணீரும் காட்டாற்று வெள்ளமும் சேர்ந்து ஆறு கரையை மீறி வந்துகொண்டிருந்தது, அந்தக் குரலில் இருந்த காரணம் பொய், ஆபத்து நிஜம். பொய் என்று தூக்கிப் போட்டதோடு நான் நின்றிருந்தால் அதுவும் ஒரு குற்றமாகியிருக்கும். ஆற்றோரம் இருக்கிறவர்கள் மேட்டுக்குப் போங்கள் என்று அரசாங்கம் சொன்னதை மட்டும் தனியாக எழுதிப் போட்டோம்.

வழுக்கியது அடுத்ததில். மறுநாள் ஒரு பெண், தன் அப்பா திருச்செந்தூரிலிருந்து சென்னை போகிற ரயிலில் ஏறினவர், ரயில் ஸ்ரீவைகுண்டத்திலேயே நிற்கிறது, சுற்றிலும் தண்ணீர், நூற்றுக்கணக்கான பேர் சாப்பாடு இல்லாமல் இருக்கிறார்கள் என்று அனுப்பினாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு முழு ரயில் எங்கே காணாமல் போகும், ரயில்வேக்குத் தெரியாதா என்று ஒதுக்கி வைத்தேன், மூன்று மணி நேரம். ரயில் அங்கேதான் நின்றது, தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியும் மண்ணும் அரித்துப்போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது, ஏறக்குறைய 800 பேர் மாட்டியிருந்தார்கள். அந்தப் பெண் தன் அப்பாவின் கோச் நம்பரைக்கூட எழுதியிருந்தாள். அணை உடைந்ததாகச் சொன்னவர் தான் எங்கே நிற்கிறார் என்றுகூடச் சொல்லவில்லை. நான் பார்க்க வேண்டியது அதைத்தான், பார்த்ததோ எது நடக்கக்கூடியது மாதிரி இருக்கிறது என்பதை. நம்ப முடிகிறதா என்பது ஒரு சோதனையே இல்லை, தம்பி. நீங்களே பார்த்தீர்களா, எங்கே நின்று பார்த்தீர்கள், வேறு யாரைக் கேட்டால் தெரியும், இந்த மூன்றைக் கேளுங்கள். பொய் பெரும்பாலும் இரண்டாவது கேள்வியிலேயே நொண்டும்.

சரி, குளத்துக்கு வருவோம்.

அந்த இரண்டு படங்களையும் வாட்சப்பில் வந்தபடியே போட்டீர்கள் என்று நினைக்கிறேன். வாட்சப் வழியாகச் சாதாரணமாக அனுப்பிய படத்தில் எடுத்த தேதியும் இடமும் தங்காது. அனுப்பியவரிடம் கேமராவில் இருக்கிற அசல் கோப்பையே வாங்குங்கள். அப்புறம் படத்தில் மறுகாலோ, மடையோ, கரையில் நிற்கிற பனையோ தெரிகிறதா என்று பாருங்கள், பகலில் போய் அதே இடத்தில் நின்று ஒரு படம் எடுத்து ஒத்துப் பாருங்கள். ராத்திரியில் ஒரு ஜேசிபி வெளிச்சம் மட்டும் தெரிகிற படம் எந்தக் குளமாகவும் இருக்கலாம், நம் மாவட்டத்தில் குளத்துக்கா பஞ்சம்.

அடுத்தது தாலுகா ஆபீஸ். குளத்தில் மண் எடுப்பதே திருட்டு என்று ஊரில் ஒரு நினைப்பு உண்டு. வண்டல் மண்ணை விவசாயிகளும் மண்பாண்டம் செய்கிறவர்களும் இலவசமாக எடுத்துக்கொள்ள அரசாங்கமே வழி வைத்திருக்கிறது, 2024-லிருந்து அந்த அனுமதி வட்டாட்சியர் அளவிலேயே கிடைக்கிறது. ஆகவே அந்த டிப்பர் காருகுறிச்சிக்குப் பானை வனைய மண் ஏற்றிக்கொண்டு போனதாகவும் இருக்கலாம், அந்த அனுமதிச் சீட்டைக் காட்டிக்கொண்டு ஏதாவது மனைக்கு நிரவப் போனதாகவும் இருக்கலாம். உங்கள் குளத்துக்கு அனுமதி உண்டா, யார் பெயரில், எவ்வளவு மண், எந்தத் தேதிவரை, இதைக் கேட்டால் செய்தி தானாகக் கனம் பெறும். வாயால் சொல்ல மாட்டேன் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி எழுதிப் போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். முப்பது நாள் கழித்து வந்தாலும் அது செய்திதான், ஊர் அதற்குள் மறந்துவிடும் என்று நினைக்காதீர்கள், குளத்தை ஊர் மறக்காது.

பிறகு தலைவரைக் கூப்பிடுங்கள். உங்கள் நண்பனைவிட்டுக் கூப்பிடச் சொல்லக் கூடாது. இந்த மாதிரி ஒரு புகார் வந்திருக்கிறது, படம் இருக்கிறது, என்ன சொல்கிறீர்கள், அவ்வளவுதான் கேள்வி. திட்டினால் திட்டியதை எழுத வேண்டாம், எடுக்கவில்லை என்றால் எத்தனை மணிக்கு எத்தனை தடவை கூப்பிட்டோம் என்று குறித்து வைத்துக்கொண்டு அதை எழுதுங்கள்.

இவ்வளவும் செய்தால் தலைப்பு என்ன ஆகும் தெரியுமா? 'பஞ்சாயத்துத் தலைவர் மண் கொள்ளை' என்று வந்தது 'குளத்தில் இரவில் மண் எடுப்பு, வட்டாட்சியர் அனுமதி இல்லை' என்று ஆகலாம். காரம் குறைந்தமாதிரி இருக்கும், ஆனால் யாரும் அதை அசைக்க முடியாது. 'தலைவர் கொள்ளையரா?' என்று கேள்விக்குறி போட்டால் வழக்கு வராது என்று சில பையன்கள் நம்புகிறார்கள், அது மூடநம்பிக்கை. இன்னொன்று, அனுப்பியவர் பெயரில் வருகிற செய்தியை மாற்றினால் மாற்றியதை அவருக்குக் காட்டிச் சம்மதம் வாங்குங்கள். அவர் எழுதாத வாக்கியத்துக்கு அவர் தலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

சட்டத்தில் நீளமாகப் போக மாட்டேன், அது வழக்கறிஞர் வேலை. இரண்டு விஷயம் மட்டும். நாங்கள் வெறும் மேடைதான், எழுதியவரைப் போய்க் கேளுங்கள் என்று சொல்ல தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-வது பிரிவு ஓரளவு இடம் கொடுக்கிறது. நீதிமன்ற உத்தரவோ அரசின் அறிவிப்போ வந்தால்தான் நீக்கும் கடமை என்று உச்ச நீதிமன்றம் 2015-ல் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் சொன்னதும் அந்தப் பிரிவைப் பற்றித்தான். ஆனால் செய்தியைத் தேர்ந்தெடுக்கிறீர்கள், தலைப்பு மாற்றுகிறீர்கள் என்றால் மேடை என்கிற வாதம் அந்த இடத்திலேயே மெலிந்துபோகும். திண்ணை கட்டியபின் நீங்களும் பதில் சொல்ல வேண்டியவர்கள்தான், தெரிந்தே கட்டுங்கள். அவதூறு இப்போது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 356-வது பிரிவு. சொன்னது உண்மையாகவும் பொதுநன்மைக்காகவும் இருந்தால் அதில் விலக்கு உண்டு, அந்த உண்மையைக் காட்டத்தான் அசல் படமும் தாலுகா ஆபீஸ் பதிலும். 2021-ல் வந்த இணைய விதிகளில் புகார் வாங்க ஒரு ஆள், புகார் வந்தால் 24 மணி நேரத்தில் வந்துசேர்ந்தது என்று ஒப்புகை, இதெல்லாம் இருக்கிறது. அந்த விதிகளை அடிக்கடி திருத்துகிறார்கள், இன்றைய நிலையை ஒரு வக்கீலிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

இப்போது உங்கள் நண்பன். அவன்மேல் எல்லாரும் பாய்ந்திருப்பீர்கள். அந்தச் செய்தி அன்றைக்கு இருந்த நிலையில் எடுக்கப்பட வேண்டியதுதான், அதை நான் பார்த்திருந்தாலும் நிறுத்தித்தான் வைத்திருப்பேன். அவன் மறைத்தது தப்பில்லை. சொந்தக்காரன் மறைத்ததும், யாரிடமும் சொல்லாமல் மறைத்ததும்தான் தப்பு. செய்தி இருந்த இடத்தில் 'இந்தச் செய்தி சரிபார்ப்புக்காக நிறுத்தப்பட்டுள்ளது, தலைவரிடமும் வட்டாட்சியர் அலுவலகத்திடமும் விளக்கம் கேட்டிருக்கிறோம்' என்று ஒரு வரி இருந்திருந்தால் டீக்கடையில் அந்தப் பேச்சு வந்திருக்காது. வந்திருந்தாலும் பாதி பேர் உங்களுக்காகப் பேசியிருப்பார்கள்.

அதனால் எடுத்தவற்றுக்கு என்று தளத்தில் ஒரு பக்கம் வையுங்கள். தேதி, எதைப்பற்றிய செய்தி, ஏன் நிறுத்தினோம், எந்த இரண்டு பேர் பார்த்தார்கள், ஒரு வரி போதும். எடுத்த வாசகத்தையே அங்கே மறுபடி போட்டுவிடாதீர்கள், வாசலில் எடுத்த குப்பையைக் கொல்லையில் காட்சிக்கு வைத்த கதையாகிவிடும். ஆனால் உள்ளே, உங்கள் சேமிப்பில், எதையும் அழிக்காதீர்கள். பிறர் எழுதுவதைத் தாங்குகிற தளங்கள் நீக்கியதை 180 நாள் பத்திரப்படுத்த வேண்டும் என்று 2021 விதிகளிலேயே இருக்கிறது, அதைவிட, நாளைக்கு அனுப்பியவர் நான் அப்படி எழுதவே இல்லை என்று சொன்னால் உங்கள் கையில் அதுதான் இருக்கும்.

சொந்தம் என்பதைப் பற்றி. நம் பக்கத்தில் யாருக்கு யார் சொந்தமில்லை, தம்பி? கொடுத்து எடுத்த வகையில் நாலு ஊரும் ஒரே குடும்பமாக இருக்கும். சொந்தக்காரன் இருக்கக் கூடாது என்று விதி வைத்தால் தளத்தை நடத்த மதுரையிலிருந்து ஆள் கூட்டிவர வேண்டும். சொந்தம் இருக்கிறது, நான் இதில் கை வைக்கவில்லை என்று குழுவில் எழுதிவிட்டு ஒதுங்குவதுதான் விதியாக இருக்க முடியும். பகைக்கும் அதே விதி. வரப்புத் தகராறு இருக்கிறவனைப் பற்றி வந்த செய்தியை நீங்கள் 'அப்ரூவ்' கொடுப்பதும், சித்தப்பாவைப் பற்றி வந்ததை அவன் எடுத்ததும் ஒரே தராசுதான்.

இன்னொரு கேள்வி, கேட்கக் கூடாத கேள்விதான், ஆனால் இந்த ஜில்லாவில் உட்கார்ந்துகொண்டு கேட்காமல் எப்படி. நீங்கள் ஆறு பேரும் எந்தத் தெரு? எல்லாரும் ஒரே தெரு என்றால் உங்கள் கண்ணுக்குச் சிலது தெரியவே தெரியாது. நம் பக்கம் ஜாதிப் பேச்சு ஜாதிப் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. கோயில் கொடைக்கு வாழ்த்துச் சொல்லி ஒரு படம் வரும், ஓரத்தில் இரண்டு நிறத்தில் இதயம் போட்டிருப்பான், பையன்கள் கையில் அதே நிறத்தில் கயிறு, பின்னால் அரிவாளோடு ஒரு சுடலைமாடன். ஒரு தெருவுக்கு அது சாமி படம். அடுத்த தெருவுக்கு அது மிரட்டல். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்களே, அதற்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் மாணவர்கள் கையில் கட்டுகிற அந்தக் கயிற்றையே தடைசெய்யச் சொன்னது. ஒரு நிறக் கயிறு எவ்வளவு பேசும் என்று ஓய்வுபெற்ற நீதிபதி எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. அடுத்த தெருவிலிருந்து இரண்டு பேரைக் குழுவில் சேருங்கள், பெண்கள் இல்லை என்றால் அதையும் சேர்த்துச் சரிசெய்யுங்கள். எது வாழ்த்து, எது மிரட்டல் என்று அவர்கள் ஒரு விநாடியில் சொல்லிவிடுவார்கள், நீங்கள் ஒரு மணி நேரம் விவாதித்தாலும் தெரியாது.

பிள்ளைகள் விஷயத்தில் விவாதமே வேண்டாம். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெயர், படம், பள்ளி, தெரு, பெற்றோர் பெயர், எதுவும் வரக் கூடாது, போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவில் அதற்கு ஜெயில் உண்டு. 'பெயர் போடவில்லையே, இன்ன ஊர் இன்ன பள்ளி எட்டாம் வகுப்பு என்றுதானே போட்டோம்' என்பார்கள். முன்னூறு வீடு உள்ள ஊரில் அது பெயரைச் சொன்னதுதான்.

2017 அக்டோபரில் நம் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டியால் ஒரு குடும்பமே தீக்குளித்தது. எரிகிற குழந்தையின் படம் எத்தனை கைபேசியில் வந்தது என்று உங்களுக்கே தெரியும், பெரிய பெரிய இடங்களிலும் வந்தது. அந்தப் படம் இல்லாமலும் கந்துவட்டியைப் பற்றி எழுதலாம். அந்தக் குடும்பம் எத்தனை தடவை மனு கொடுத்தது, அந்த மனுக்கள் எந்த மேஜையில் கிடந்தன என்பதல்லவா செய்தி?

சில சமயம் எடுக்கவும் வேண்டாம், அப்படியே போடவும் வேண்டாம். 2024 டிசம்பரில் கேரளத்து ஆஸ்பத்திரிக் கழிவைக் கொண்டுவந்து கொடகநல்லூர், நடுக்கல்லூர்ப் பக்கம் கொட்டினார்களே, ஊர்க்காரர்கள் எடுத்த படங்கள்தான் அதை வெளியே கொண்டுவந்தன. பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, கேரள அரசே லாரி அனுப்பித் திரும்ப அள்ளிக்கொண்டு போனது. எங்கிருந்து வந்த கழிவு என்பதைக் காட்டிக்கொடுத்ததே அதில் கிடந்த ஆஸ்பத்திரிக் காகிதங்கள்தான். அந்தக் காகிதத்தில் ஆஸ்பத்திரி பெயர் தெரிய வேண்டும், நோயாளி பெயர் தெரியக் கூடாது. இரண்டு நிமிட வேலை, கறுப்புப் பட்டை ஒன்று. அவசரத்தில் அந்த இரண்டு நிமிடத்தைத்தான் நாம் விட்டுவிடுகிறோம்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. குளத்தைப் படம்பிடித்து அனுப்பியவர் எப்படி இருக்கிறார் என்று நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. 'பெயர் வெளியிட விரும்பாதவர்' என்று போட்டுவிட்டால் போதும் என்று நினைத்திருப்பீர்கள். ஊரில் படம் எடுத்த கோணத்தை வைத்தே எந்த மாடியிலிருந்து எடுத்தது என்று கண்டுபிடித்துவிடுவார்கள், குளத்துக்கு நேரே மாடி வீடு எத்தனை இருக்கப்போகிறது? அந்தப் படம் ஒரு ராத்திரி முழுக்கத் தளத்தில் கிடந்திருக்கிறது. முதலில் அவரைக் கூப்பிட்டு நலம் விசாரியுங்கள், யாராவது வந்து பேசினார்களா என்று கேளுங்கள். செய்தி மறுபடி வரும்போது, பகலில் கரையில் நின்று நீங்கள் எடுத்த படத்தோடு வரட்டும், அவர் எடுத்தது உங்கள் பெட்டியில் ஆதாரமாக இருக்கட்டும். அவர் அனுப்பிய அசல் கோப்பில் இடக்குறிப்பு இருக்கும், அதை ஆறு பேர் குழுவிலும் சுற்றவிடாதீர்கள். குறிப்பாக அந்த ஒருவன் போனுக்குப் போகக் கூடாது, அவன் நல்ல பையனாகவே இருந்தாலும்.

நாளைக்குக் காலையில் தளத்தின் முகப்பில் நாலு வரி எழுதுங்கள். இன்ன தேதியில் குளத்துச் செய்தியை எடுத்தோம், எடுத்தவர் தலைவருக்கு உறவினர், குழுவில் கேட்காமல் எடுத்தார், அது எங்கள் தவறு, இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறோம். பிள்ளை பிடிப்புச் செய்தி பொய், நாலு மணி நேரம் விட்டுவைத்ததற்கு வருந்துகிறோம் என்று அதற்குக் கீழே. உறவினர் என்ற வார்த்தையைப் போட வேண்டாம் என்று அவன் கெஞ்சுவான். போடுங்கள், ஆனால் அவன் பெயர் வேண்டாம், ஊருக்குத்தான் தெரியுமே.

தாலுகா ஆபீசுக்குத் திங்கட்கிழமை போகாதீர்கள், மனுநாள் கூட்டத்தில் யாரும் பேச மாட்டார்கள். செவ்வாய் பதினொரு மணிக்கு மேல் போங்கள், என்ன சொன்னார்கள் என்று சாயங்காலம் எனக்கு ஒரு போன் போடுங்கள்.